அக்காவின் நாய்கள் ஓடிப்போகவில்லை

அக்கா நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவர்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதத்தான் உட்கார்ந்தேன். என் தலைகுனிவைச் சொல்லாமல் அதை எழுத முடியவில்லை.

அக்கா பிறந்தது பரமக்குடிக்குத் தெற்கே, மிளகாய் விளைச்சலை நம்பியிருக்கும் எங்கள் ஊரில். அய்யாவுக்கு நாங்கள் இரண்டே பிள்ளைகள். மிளகாய்ப் பழம் பறித்த கையோடு, விரல் எரிய எரியப் பள்ளிக்கூடம் போனவர்கள் அக்கா. மதுரையில் படிப்பு, டெல்லியில் வேலை, பிறகு ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையின் செய்தியாளர். சண்டை நடக்கும் நாடுகளுக்குத்தான் அதிகம் போனார்கள். கல்யாணம் வேண்டாம் என்றபோது அய்யா ஒரு வருடம் முகம் கொடுக்கவில்லை. அப்புறம் அவரே தொலைபேசியில் கூப்பிட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்டார்.

ஒருவர் சொன்னதை எழுதினால், அனுப்பும் முன் அவருக்கே படித்துக் காட்டுவது அக்காவின் வழக்கம். பெயர் வெளியே வந்தால் அவருக்குக் கெடுதல் என்று பட்டால், பெயரை எழுத மாட்டார்கள். யார் கேட்டாலும் சொல்லவும் மாட்டார்கள்.

ஓய்வுக்கு வந்து தங்க, பாம்பன் தீவில் இருக்கும் அக்காள்மடத்தில் மெயின் ரோட்டை ஒட்டி வீடு வாங்கினார்கள். ராமேஸ்வரம் போகும் வண்டிகளில் அடிபட்ட நாய்களைத் தூக்கி வந்து வைத்தியம் பார்த்ததில், ஐந்து நாய்கள் சேர்ந்துவிட்டன. மூன்று காலோடு கட்டையன், கண் தெரியாத பூரணி, செவலை, இன்னும் இரண்டு. அக்கா வெளிநாடு போனால் நான் அங்கே தங்கிச் சோறு வைப்பேன். தினமும் சாயங்காலம் போன் வரும். போனை ஒவ்வொரு நாயின் காதிலும் நான் வைக்க வேண்டும். அந்தப் பக்கம் குண்டுச் சத்தம் கேட்கும்; அக்கா நாயிடம் கொஞ்சிக்கொண்டிருப்பார்கள். எனக்குச் சிரிப்பாகவும் எரிச்சலாகவும் இருக்கும்.

அப்படி அவர்கள் போயிருந்த சமயம், என் மகளைப் பெண் கேட்டவர்கள் ராமேஸ்வரத்தில் தீர்த்தமாடிவிட்டு அக்கா வீட்டிற்கு வருவதாகச் சொன்னார்கள். ஈரத்துணியோடு வருகிறவர்கள் மேல் நாய் பட்டால் தீட்டு என்று சம்பந்தம் கெட்டுவிடும் என நானே முடிவு கட்டிக்கொண்டேன். மிளகாய் மூட்டை ஏற்றும் என் வேனில் ஐந்தையும் ஏற்றி, பாலம் தாண்டி, மண்டபம் பக்கம் ஒரு கருவாட்டுக் களத்தில் இறக்கிவிட்டு வந்தேன். அங்கே பட்டினி கிடக்காது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். கட்டையன் மட்டும் கொஞ்ச தூரம் வேன் பின்னாலேயே ஓடி வந்தது.

சாயங்காலம் போன் வந்தது. “கயித்த அத்துக்கிட்டு ஓடிருச்சுகக்கா” என்றேன்.

“எப்பத் தம்பி? எந்தப் பக்கம்? யாரு பாத்தா?”

மூன்றுக்கும் வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

“சரி, நீ மனசப் போட்டு ஒழப்பாத. நான் வாரேன்” என்றார்கள். மாதக்கணக்காக அலைந்து ஏற்பாடு செய்த ஒரு பேட்டியை விட்டுவிட்டு வந்தார்கள். போட்டோ ஒட்டினார்கள், பாம்பனில் படகு படகாக விசாரித்தார்கள், பாலம் தாண்டியும் தேடினார்கள். மூன்று கிடைத்தன. பூரணியும் செவலையும் கிடைக்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் நாயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணம் நடந்தது. பந்தியில் நம் உறவினர் ஒருவர், “ஒலகத்துச் சண்டையெல்லாம் எழுதுறவுக, வீட்டு நாயக் கட்டத் தெரியல” என்று கேலி செய்தார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அக்கா தலையைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பிறகு அந்தக் கேலி நம் குடும்பத்தில் நிரந்தரமாகிவிட்டது.

கடைசியில் அக்கா நோயில் விழுந்து ராமநாதபுரத்தில் மருத்துவமனையில் இருந்த நாட்களில், சொல்லிவிட வேண்டும் என்று தினமும் பக்கத்தில் போய் உட்காருவேன். “என்னடா?” என்பார்கள். “ஒண்ணுமில்லக்கா” என்று எழுந்து வருவேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் கருவாட்டுக் களத்தில் வேலை பார்க்கும் அம்மா ஒருவர் வந்திருந்தார். என்னைப் பார்த்ததும், “நீங்கதான வேன்ல கொண்டாந்து விட்டீக?” என்றார். அவரே தொடர்ந்து சொன்னார்:

“அக்கா தேடி வந்த அன்னைக்கே சொல்லிட்டேன். வண்டிய, ஆள, எல்லாம் கேட்டாக. கேட்டுட்டு, ‘அது என் தம்பி. பிள்ளைக்குக் கல்யாணம் வச்சிருக்கான். யார்ட்டயும் சொல்லிராத தாயி’ன்னு கையப் பிடிச்சுக்கிட்டாக.”

எல்லாம் தெரிந்துதான் அந்தக் கேலியைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் பெயரைக் காப்பாற்றத் தம் பெயரை விட்டுக்கொடுத்தார்கள். நான் வெட்கப்படுகிறேன். உறவினர்களே, அக்கா நாய்களை ஒழுங்காகத்தான் கட்டியிருந்தார்கள். அவிழ்த்தது நான்.

அக்காவுக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர்களுக்கும் செவிலியருக்கும், கூட இருந்து பார்த்துக்கொண்ட அக்காள்மடத்து அக்கம்பக்கத்தாருக்கும், தூர தேசங்களிலிருந்து இரங்கல் எழுதிய அவர்களுடைய சக செய்தியாளர்களுக்கும், உண்மையைச் சொன்ன அந்த அம்மாவுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

மிச்சமிருக்கும் மூன்று நாய்களும் இப்போது என்னிடம்தான் இருக்கின்றன. இரண்டு என்னோடு பழகிவிட்டன. கட்டையன் மட்டும், நான் தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திய பிறகுதான் சாப்பிட வருகிறது.