பூட்டிய காருக்குள் என் மகள்

போன வருடம் மே மாதம், கத்திரி வெயில் தொடங்கிப் பத்து நாள் ஆகியிருக்கும். திண்டிவனத்தில் நாங்கள் வாடகைக்குக் குடியிருக்கும் வீட்டு வாசலில், பட்டப்பகலில் நடந்தது இது. அன்றிலிருந்து வெயிலில் நிற்கிற எந்தக் காரைப் பார்த்தாலும் என் கண் அதன் பின்சீட்டுக்குத்தான் போகிறது. உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் அந்த இடத்தைவிட்டு நகர்வேன். கடைத்தெருவில் என்னைப் பார்த்தவர்கள் கார் திருடன் என்றுகூட நினைத்திருக்கலாம்.

நான் கிளியனூர் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். மனைவிக்கு விழுப்புரத்தில் அலுவலக வேலை. காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம்தான் வருவாள். எங்களுக்கு அப்போது எட்டு மாதத்தில் ஒரு பெண் குழந்தை. பள்ளி நடக்கும் மாதங்களில் என் மாமியார் வந்து பார்த்துக்கொள்வார். கோடை விடுமுறையில் அந்த வேலை என்னுடையது.

அந்த ஜனவரியில்தான் எலக்ட்ரிக் கார் வாங்கியிருந்தோம். கறுப்பு நிறம். மின்னோட்டப் பாடம் நடத்துகிறவன் வாங்கிய வண்டி அல்லவா, என் அலட்டல் தாங்க முடியாது. பள்ளி வாட்ச்மேனில் தொடங்கி மாதா கோவில் சாமியார்வரை யார் கிடைத்தாலும் நிறுத்தி வைத்துப் பாடம் எடுப்பேன். சார்ஜ் போடுவது வீட்டிலேதான். கீழ் வீட்டு உரிமையாளர் தன் வராந்தாவில் பதினைந்து ஆம்பியர் பிளக் ஒன்றை எங்களுக்கென்று விட்டிருந்தார். அங்கிருந்து ஒயரை இழுத்து, வாசல் வேப்பமரத்தடியில் நிற்கும் வண்டியில் செருகிவிடுவேன்.

நாங்கள் இருப்பது மாடியில். தலைக்கு மேல் மொட்டை மாடி, ஏ.சி. கிடையாது. மே பிறந்ததும் பிள்ளைக்குக் கழுத்திலிருந்து இடுப்புவரை வேர்க்குரு. ராத்திரி பகல் என்றில்லாமல் அழுதாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து காரில் திரும்பும்போது, ஏ.சி. காற்று பட்டதும் கப்பென்று அழுகையை நிறுத்தித் தூங்கிவிட்டாள். வீடு வந்த பிறகும் அவளை எழுப்ப மனமில்லாமல் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் அந்த மகா யோசனை உதித்தது.

பெட்ரோல் வண்டி என்றால் நிறுத்தி வைத்து ஏ.சி. போடப் பயப்பட வேண்டும். இதில் இன்ஜினும் இல்லை, புகையும் இல்லை. ஒரு பக்கம் பிளக்கிலிருந்து கரண்ட் ஏறிக்கொண்டே இருக்கும், இன்னொரு பக்கம் ஏ.சி. ஓடிக்கொண்டே இருக்கும். போனிலிருந்தே போடலாம், அணைக்கலாம். வீட்டில் இல்லாத ஏ.சி. அறை வாசலில் நிற்கும்போது பிள்ளை ஏன் வேக வேண்டும்?

மனைவிக்கு இது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. "புள்ளைய வண்டிக்குள்ள படுக்க வெக்கிறது எனக்கு சரியாப் படல. எதுனா ஒண்ணு ஆயிடப் போவுதுங்க" என்றாள். நான் சிரித்தேன். சிரித்ததோடு விடாமல், தாளில் படம் வரைந்து அவளுக்கும் ஒரு பாடம் எடுத்தேன். அதன் பிறகு தினமும் காலை பத்து மணிக்குப் பிள்ளையைப் பின்சீட்டிலுள்ள குழந்தை இருக்கையில் படுக்கவைத்து வாரைப் போட்டுவிட்டு, முன்சீட்டில் நான் ஏதாவது படித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு வாரம் ராஜ வாழ்க்கை.

அன்றைக்கு வரக் கொஞ்சம் தாமதம், மற்றபடி அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். மணி பதினொன்று தாண்டியிருக்கும். மாடியில் அடுப்பில் பாலை வைத்துவிட்டு வந்தது திடீரென்று ஞாபகம் வந்தது. பிள்ளை நல்ல தூக்கத்தில் இருந்தாள். இரண்டே நிமிடம்தானே என்று இறங்கினேன். எங்கள் தெருவில் ஒரு வெள்ளை நாய் உண்டு. கார் கதவில் முன்னங்காலைத் தூக்கிவைத்துப் பிராண்டும். அது வந்து பிள்ளையை எழுப்பிவிடுமே என்று கதவைச் சாத்தி, போனிலேயே பூட்டினேன். டக் என்று சத்தம் கேட்டது. சாவி உள்ளே, பிள்ளையின் துணிப்பையில் இருந்தது. அதனால் என்ன, போன்தான் கையில் இருக்கிறதே!

மாடிக்குப் போனால் பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருந்தது. வீடெல்லாம் கேஸ் நாற்றம். சிலிண்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்து, அடுப்பைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது ஒரு மாணவனின் அப்பா போனில் வந்தார். மகனுக்கு எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்று அவருக்கு ஆயிரம் சந்தேகம். நடுவில் பிள்ளையின் நினைவு வராமல் இல்லை. போனிலிருந்து போடும் ஏ.சி. அரை மணி நேரத்தில் தானாக அணைந்துவிடும். மறுபடி போட வேண்டும். பேச்சை முடித்ததும் போட்டேன். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. நெட்வொர்க் கோளாறு என்று நினைத்து மறுபடி அழுத்தினேன். அதே வட்டம். சரி, நேரில் போய்ப் பார்ப்போம் என்று படியிறங்கினேன்.

வேப்பமரத்து நிழல் அதற்குள் சுவர்ப்பக்கம் ஒதுங்கியிருந்தது. வண்டி முழுக்க வெயிலில் நின்றது. கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தேன். என் மகள் முகமெல்லாம் ரத்தச் சிவப்பாக, வாயை முழுக்கத் திறந்து அழுதுகொண்டிருந்தாள். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. புது வண்டி, அவ்வளவு இறுக்கமான கதவு. சத்தமில்லாமல் அழுகிற அந்த முகம் இப்போதும் கனவில் வருகிறது.

கதவின் கைப்பிடியை இழுத்தேன். வரவில்லை. போனில் திறக்கும் பொத்தானை அழுத்தினேன். வட்டம் சுற்றியது. பிறகு, வண்டியைத் தொடர்புகொள்ள முடியவில்லை என்று வந்தது. நாலு கதவையும் மாறி மாறி இழுத்தேன். ஓடிப்போய் வராந்தாவில் பார்த்தால் பிளக்குக்கான டிரிப் சுவிட்ச் கீழே விழுந்து கிடந்தது. எப்போது விழுந்ததோ! அதைத் தூக்கிவிட்டேன். சார்ஜர் பெட்டியில் பச்சை விளக்கு வந்தது, வண்டியில் ஒரு விளக்கும் வரவில்லை. கீழ் வீட்டுக்காரர்கள் பிரம்மதேசத்தில் ஒரு புதுமனை புகுவிழாவுக்குப் போயிருந்தார்கள். தெருவில் ஈ காக்கை இல்லை.

மனைவிக்குப் போன் செய்தேன். இன்னொரு சாவி எங்கே என்று கேட்டேன். "என் ஹேண்ட்பேக்ல தாங்க இருக்குது. ஏன், என்னா ஆச்சு?" என்றாள். ஒன்றுமில்லை, சும்மாதான் கேட்டேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். சாவி விழுப்புரத்தில், பிள்ளை திண்டிவனத்தில். மாதாவே, மாதாவே என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

கார் கம்பெனியின் உதவி எண்ணைப் போட்டேன். இசை வந்தது, பிறகு ஒரு பெண் வந்தாள். அவள் ஏதோ கேட்டாள், ஏதோ சொன்னாள். நான் பதில் சொல்லிக்கொண்டே வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். வாசல் கேட்டுக்கு முட்டுக்கொடுக்க ஒரு செங்கல் கிடக்கும். அதை ஒருமுறை கையில் எடுத்தேன். பிறகு கீழே வைத்துவிட்டேன்.

கண்ணாடியில் தட்டித் தட்டி, "பாப்பா, அப்பா இங்கதான் இருக்கேன்" என்று கத்தினேன். அவள் என்னைப் பார்த்தாள். கையை என் பக்கம் நீட்டினாள். கொஞ்ச நேரத்தில் கை தொய்ந்தது. வாய் மூடியது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்து, கண் பாதி செருகியது. அழுகிறாளே என்று அதுவரை பயந்தவனுக்கு, அவள் அழுகையை நிறுத்தியதும் உயிரே போய்விட்டது. அப்படி ஒரு பயத்தை அதற்கு முன்னாலும் அனுபவித்ததில்லை, பின்னாலும் இல்லை.

"யோவ், என்னாய்யா பண்ணிக்கினு இருக்க?" என்று முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்.

தலையில் நுங்குக் கூடையோடு ஒரு அம்மா நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். தெருத் தெருவாக நுங்கு விற்கிறவர். நான் பதில் சொல்வதற்குள் குனிந்து காருக்குள் பார்த்தார். கூடையை அப்படியே கீழே போட்டார். நுங்கெல்லாம் தெருவில் உருண்டது.

"உள்ள புள்ள மயங்கிக் கெடக்குது, நீ போன் பேசிக்கினு நிக்கிற? தள்ளுய்யா!"

நுங்கு வெட்டும் கத்தியை எடுத்துக்கொண்டு, பிள்ளை இருந்த பக்கத்துக்கு மறுபக்கம் போனார். முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, முன்கதவுக் கண்ணாடியின் மூலையில் கத்தியின் பின்பக்கத்தால் ஓங்கி அடித்தார். முதல் அடிக்குச் சத்தம் மட்டும்தான் வந்தது. இரண்டாவது அடிக்குக் கண்ணாடி முழுக்க வெள்ளையாக வெடித்தது. மூன்றாவது அடியில் கல் உப்பைக் கொட்டியதுபோல் உள்ளே சரிந்தது. கையை விட்டு உள்பக்கத்துப் பிடியை இழுத்து முன்கதவைத் திறந்தார். நான் உள்ளே பாய்ந்து, சீட்டைத் தாண்டிப் பின்னால் விழுந்தேன். அடுப்புக்குள் நுழைந்ததுபோல் இருந்தது. பிள்ளையின் வாரை அவிழ்க்கத் தெரியவில்லை. தினமும் போட்டு அவிழ்க்கிற வார்தான், விரல் கேட்கவில்லை. அதற்குள் அந்த அம்மா பின்கதவையும் உள்ளிருந்து திறந்து, வாரைத் தன் பக்கம் இழுத்து ஒரே அறுப்பாக அறுத்துப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டார்.

மரத்து நிழலுக்குக் கொண்டுபோய்ச் சட்டையைக் கழற்றினார். ஒரு நுங்கைச் சீவி, கட்டைவிரலால் குத்தி, அந்தத் தண்ணீரைப் பிள்ளையின் தலையிலும் கழுத்திலும் மார்பிலும் ஊற்றித் தேய்த்தார். இன்னொன்று. இன்னொன்று. உள்ளங்காலைச் சுள்ளென்று தட்டினார். நான் முட்டி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நாலாவது நுங்கா, ஐந்தாவதா தெரியாது, என் மகள் முகத்தைச் சுளித்து மெல்ல ஒரு முனகல் விட்டாள். பிறகு வீறிட்டு அழுதாள். நானும் அழுதேன். தெருவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன், வெட்கமே இல்லை.

"அழுதுக்கினு இருக்காத. ஜல்தியா ஆசுபத்திரிக்கு இட்டுக்கினு போ" என்று அதட்டி, தெருமுனைக்கு ஓடி ஒரு ஆட்டோவை மறித்து எங்களை ஏற்றிவிட்டார். ஆட்டோ திரும்பும்போது பார்த்தேன். உருண்டு கிடந்த நுங்குகளைப் பொறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். நன்றி என்ற ஒரு சொல்லை நான் சொல்லவில்லை. பெயரையும் கேட்கவில்லை. அதற்கப்புறம் பஸ் நிலையம், மேம்பாலத்தடி, மார்க்கெட் என்று நுங்கு விற்கிற இடமெல்லாம் தேடிவிட்டேன். கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பிள்ளைக்கு வேண்டியதைச் செய்துவிட்டு, எவ்வளவு நேரம் உள்ளே இருந்தாள் என்று கேட்டார். அஞ்சு நிமிஷம் இருக்கும் என்றேன். அன்று முழுக்க அங்கேயே வைத்திருந்து, மறுநாள் பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்று அனுப்பினார்கள்.

வண்டியைப் பார்க்க வந்த மெக்கானிக் விஷயத்தை எளிமையாகச் சொன்னார். எலக்ட்ரிக் காரில் ஓடுவதற்கு ஒரு பெரிய பேட்டரி, கதவு, விளக்கு, போன் தொடர்பு எல்லாவற்றுக்கும் தனியாக ஒரு சின்ன பேட்டரி. லோ வோல்டேஜில் சுவிட்ச் விழுந்து நாலைந்து நாள் ஆகியிருக்க வேண்டும். ஒயர் செருகியிருக்கிறது, ஆகவே சார்ஜ் ஏறுகிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். தினமும் ஏ.சி. ஓடி பெரிய பேட்டரி அடிமட்டத்துக்கு வந்தது. அது சின்னதுக்குச் சார்ஜ் கொடுப்பதை நிறுத்திக்கொண்டது. நான் போனில் தட்டித் தட்டி நிற்கிற வண்டியை எழுப்பிக்கொண்டே இருந்ததில் சின்னதும் தீர்ந்துபோனது. "டேஷ்போர்டுல ஒரு தபா பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும் சார்" என்றார். பார்த்தேன்தான், படித்துக்கொண்டிருந்த புத்தகத்துக்கு மேலாக. பிளக்கில் இருக்கிற வண்டிக்கு என்ன கேடு என்று, சார்ஜ் காட்டும் எண்ணைக் கவனிக்கவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது பேட்டரி கதை மட்டுமல்ல. அன்று மதியம், ஆஸ்பத்திரியிலிருந்து நான் போன் செய்ததும் விழுப்புரத்திலிருந்து ஓடிவந்த மனைவி, ஏங்க ஒடனே கண்ணாடிய ஒடைக்கல என்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். கண்ணாடித் தூள் பிள்ளைமேல் விழுந்துவிடும் என்று பயந்தேன் என்றேன். அவள் நம்பினாள். நம்பியதோடு, என் கையைப் பிடித்து எனக்கு ஆறுதலும் சொன்னாள்.

உதவி எண்ணில் பேசிய அந்தப் பெண், குழந்தை உள்ளே இருக்கிறது என்று நான் சொன்ன அடுத்த நொடியே, "சார், யோசிக்காதீங்க, கண்ணாடிய உடைச்சிடுங்க" என்றுதான் சொன்னாள். வேறு வழி இருக்கிறதா என்று நான்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். செங்கல்லை எடுத்த கை அதை ஏன் கீழே வைத்தது என்று எனக்குத் தெரியும். நாலு மாதமாகத் துணியால் துடைத்துத் துடைத்து வைத்திருந்த வண்டி அது. அந்த அழைப்பு பதினோரு நிமிடம் நீடித்ததாக என் போன் காட்டியது. டாக்டரிடமும் மனைவியிடமும் மறைத்ததை இங்கேதான் முதன்முதலாக எழுதுகிறேன். அவள் இதைப் படிப்பாள், படிக்கட்டும்.

மகளுக்கு இப்போது பேச்சு வந்துவிட்டது. நான் வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா என்று கையை நீட்டிக்கொண்டு ஓடிவருவாள். ஒரு நொடிகூடக் காக்க வைக்காமல் தூக்கிக்கொள்கிறேன், என்றாலும் அந்தப் பதினோரு நிமிடத்துக்கு அவளிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று மட்டும் எனக்கு இன்னும் தெரியவில்லை.