கண்ணை மட்டும் விட்டுடுங்க

நான் கோபக்காரன் என்று பெயர் எடுத்தவன். காப்பிக் கடையில் யாராவது வரிசையைத் தாண்டி முன்னே போனால் முதல் சத்தம் என்னுடையதாகத்தான் இருக்கும். தொலைக்காட்சியில் பந்து விளையாட்டு நடந்தால் நடுவருக்குப் பாடம் நடத்துவேன். அமைச்சர்களை நான் திட்டாத நாள் கிடையாது. “உங்க கோவமெல்லாம் காது கேக்காத ஆளுங்ககிட்டதான்” என்பாள் மனைவி. அதைக் கிண்டல் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

மகள் பள்ளிக்கூடத்தில் முதலாம் ஆண்டில் சேர்ந்த வருடம் நடந்தது இது. நாங்கள் கிள்ளானில், துறைமுகத்துக்குப் போகும் பெரிய சாலையை ஒட்டிய ஓர் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். எனக்குத் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலைக் கிடங்கில் வேலை. ஏழரைக்கெல்லாம் உள்ளே இருக்க வேண்டும். மனைவி பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் சமைக்கிறாள். அவள் ஐந்தரைக்கே ரயிலுக்குக் கிளம்பிவிடுவாள். தமிழ்ப் பள்ளி எங்கள் வீட்டிலிருந்து நான்கைந்து தாமான் குடியிருப்புகள் தள்ளி இருக்கிறது. அங்கே போக எங்கள் பக்கம் ஓடியது ஒரே ஒரு வேன்.

முதல் நாள் காலை ஆறேகாலுக்கு அந்த ஆரஞ்சு நிற வேன் பிளாட்டுக்குக் கீழே வந்து நின்றது. ஓட்டுநருக்கு என்னைவிடப் பதினைந்து வயதாவது கூட இருக்கும். நெற்றி நிறையத் திருநீறு, இஸ்திரி போட்ட சட்டை. மகள் என் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முதுகை முழுசாகப் பை மூடியிருந்தது. நான் சிரித்துக்கொண்டே, எல்லா அப்பாக்களும் சொல்வதைச் சொன்னேன்.

“சேட்டை பண்ணா கண்டிச்சு வைங்கண்ணே. கண்ண மட்டும் விட்டுடுங்க, மத்ததுக்கு நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்.”

அவர் சிரித்தார். கூட நின்ற பெற்றோர்களும் சிரித்தார்கள். என் அப்பாவும் என் வாத்தியாரிடம் இதையேதான் சொன்னார். பிள்ளையை இன்னொருவர் கையில் கொடுக்கும்போது சொல்கிற மரியாதை வார்த்தை அது. உங்களை நம்புகிறேன் என்று நேராகச் சொல்ல நமக்குக் கூச்சம், அதனால் அடியுங்கள் என்று சொல்லிவிடுகிறோம். மகள் மட்டும் சிரிக்கவில்லை. அதை அன்றைக்கே கவனித்தேனா, பிறகு என் நினைவு அதைச் சேர்த்துக்கொண்டதா என்று இப்போது சொல்லத் தெரியவில்லை.

வேன்காரரைப் பற்றி ஒரு குறை கேள்விப்பட்டதில்லை. ஒரு நாள்கூடத் தாமதமாக வரமாட்டார். ஒருமுறை வெள்ளம் வந்தபோது வேனைத் தூரத்தில் நிறுத்திவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் பிள்ளைகளை ஒவ்வொருவராகத் தோளில் தூக்கிவந்து வாசலில் விட்டாராம். எங்கள் பிளாட்டில் இந்தக் கதையைச் சொல்லாத ஆள் இல்லை. நானும் தொழிற்சாலையில் இரண்டு பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

இரண்டாவது மாதத்தில் மகளின் தண்ணீர்ப் புட்டி, ஊற்றியது ஊற்றியபடியே வீட்டுக்குத் திரும்ப ஆரம்பித்தது. மனைவி திட்டினாள். நானும் திட்டினேன். இந்த வெயிலுக்குத் தண்ணீர் குடிக்காமல் உடம்பு என்னத்துக்கு ஆகும் என்று பெரிய மனிதன் மாதிரி பேசினேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, மறுநாளும் நிறைந்த புட்டியோடு வந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. மனைவி வேலைக்குப் போயிருந்தாள். நான் தரையில் படுத்து மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தேன். மகள் செருப்புப் பெட்டி ஒன்றில் பொம்மைகளை வரிசையாக உட்காரவைத்து, கூடம் முழுக்கத் தள்ளிக்கொண்டு போனாள். வாசல் பக்கம் வந்ததும் முயல் பொம்மையை எடுத்து, இரும்புக் கிரிலுக்கு வெளியே நடைபாதையில் நிற்க வைத்தாள். கதவைச் சாத்தினாள். ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தாள். நூறு முடிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து வந்தாள். முயலை ஏன் வெளியே விட்டாய் என்று கேட்டேன். கேட்கும்போது சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

“அது வேன்ல பேசிருச்சு. அங்கிள் ஒரு சுத்து சுத்திட்டு வந்து ஏத்திக்குவாரு.”

மேட்ச் சத்தத்தைக் குறைத்துவிட்டு மெதுவாகக் கேட்டேன். அவள் ஒன்றையும் மறைக்கவில்லை. கேட்டதற்கெல்லாம் பள்ளிக்கூடத்தில் பதில் சொல்கிற மாதிரி சொன்னாள். துறைமுகச் சாலையில் ஒரு பஸ் நிறுத்தம் இருக்கிறது. கொண்டெய்னர் லோரிகள் ஓடும் சாலை அது, நானே அங்கே மோட்டார் சைக்கிளை ஓரத்தில் வைத்துத்தான் ஓட்டுவேன். பள்ளி முடிந்து வரும்போது வேனில் யார் பேசினாலும் அங்கே இறக்கிவிடுவார். வேன் அடுத்த விளக்குவரை போய் வளைந்து, எதிர்ப்பக்கமாகப் போய், மறுபடி வளைந்து வரும். உள்ளே இருப்பவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது. ஒன்றுக்கு வருகிறது என்று கேட்டாலும் இதே கதிதான், அதனால்தான் யாரும் தண்ணீர் குடிப்பதில்லை. இவளை நான்கு முறை இறக்கிவிட்டிருக்கிறார். முதல் தடவை மூன்று நூறு எண்ணினாளாம். நூறுக்கு மேல் அவளுக்கு எண்ணத் தெரியாது.

“ஏம்மா அப்பாகிட்ட சொல்லல?”

“நீங்கதானப்பா அங்கிள்கிட்ட சொன்னீங்க, ஒண்ணும் கேக்க மாட்டேன்னு.”

குற்றம் சாட்டுகிற குரல் இல்லை அது. அப்பா மறந்துவிட்டாரோ என்று நினைவுபடுத்தினாள், அவ்வளவுதான். நான் எழுந்து வெளியே போய் முயலை எடுத்துவந்தேன். இன்னும் நூறு முடியவில்லையே என்று அவளுக்கு வருத்தம்.

மறுநாள் காலை அவளை மாடியிலேயே விட்டுவிட்டுக் கீழே போனேன். என்ன பேசுவது என்று ராத்திரியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். ஒத்திகையில் நான் பிரமாதமாகப் பேசினேன். வேன்காரர் கண்ணாடியை இறக்கி, நான் கத்தி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டார். வேனுக்குள் ஒரு பிள்ளை அசையவில்லை. நான் கத்துவதைக் கேட்டும் ஒரு தலைகூடத் திரும்பவில்லை. அவர் தணிந்த குரலில், பின்னால் இருபது பிள்ளைகள் கத்தினால் அந்தச் சாலையில் எப்படி வண்டி ஓட்டுவது என்று கேட்டார். இத்தனை வருடத்தில் ஒரு விபத்து உண்டா என்றார்.

“ஒரு பிள்ளையத் தொட்டிருப்பனா தம்பி? நீங்க அடிக்கவே சொன்னீங்க. நான் அடிக்கக்கூட இல்ல.”

சுற்றி நின்றவர்களைப் பார்த்தேன். முதல் நாள் என்னோடு சிரித்த அதே ஆட்கள். ஒருவர் கைப்பேசியைப் பார்த்தார், ஒருவர் தன் பிள்ளையின் சட்டைக் காலரைச் சரிசெய்தார். அடுத்த வாரத்திலிருந்து வேறு வேன் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அவர் நேரத்துக்குக் கிளம்பிப் போனார்.

தலைமையாசிரியை நல்ல மனுஷி. உட்காரவைத்து முழுக்கக் கேட்டார். வேன் பள்ளியுடையது இல்லை, பெற்றோர் தனியாகப் பேசி வைத்துக்கொண்டது, அவரைக் கூப்பிட்டுச் சொல்லலாம், ஆனால் உத்தரவு போட முடியாது என்றார். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி, இன்னொன்றும் சொன்னார். அந்த வேன் நின்றுபோனால் உங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் அடுத்த வருடம் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மலாய்வழித் தேசியப் பள்ளிக்குப் போய்விடுவார்கள், ஏற்கெனவே எங்களிடம் வகுப்புக்கு எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். நான் அவர் மேல் கோபப்பட முயன்றேன், முடியவில்லை. கல்யாண வீடுகளில் உட்கார்ந்துகொண்டு, தமிழ்ப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பாதவனை ஒரு பிடி பிடித்தவன் நான்தானே.

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் நீளமாக எழுதினேன். எல்லோரும் படித்ததற்கு நீல நிறக் குறி விழுந்தது. கொஞ்ச நேரத்தில் யாரோ ஒருவர் ரோஜாப்பூ போட்டுக் காலை வணக்கம் அனுப்பினார். இன்னொருவர், கண்டிப்பு இருந்தால்தான் பிள்ளைகள் உருப்படும் என்று எழுதினார், அதற்குக் கட்டைவிரல்கள் குவிந்தன. ஒரு பெண் மட்டும் தனியாக அழைத்தார். அவருடைய மகன் மழையில் நின்றிருக்கிறான். சாட்சி சொல்ல வருவீர்களா அக்கா என்று கேட்டேன். என் பேரை மட்டும் இழுத்துவிடாதீர்கள், எனக்கும் வேறு வேன் கிடையாது என்றார்.

போலீசிலும் புகார் கொடுத்தேன். காயம் இருக்கிறதா என்று கேட்டார்கள், இல்லை. பார்த்தவர்கள் இருக்கிறார்களா, இல்லை. ஒரு தாளை அச்சடித்துக் கொடுத்தார்கள். அதை இன்னும் வைத்திருக்கிறேன், என்னத்துக்கு என்று தெரியவில்லை.

வேறு வேன் எதுவும் எங்கள் பக்கம் வரவில்லை. பக்கத்துத் தேசியப் பள்ளிக்குக்கூடப் போய்ப் பார்த்தோம். அடுத்த ஆண்டுதான் இடம் என்றார்கள். மதியம் அவளைப் பார்த்துக்கொண்ட அடுத்த வீட்டு ஆன்டிக்கு மூட்டு வலி, படியிறங்கவே முடியாதவரைப் பள்ளிவரை போகச் சொல்ல முடியுமா? காலையில் மோட்டாரில் நானே கொண்டுபோய் விட்டேன். மதியம் ஒரு மணிக்குப் பள்ளி முடியும், எனக்கு வேலை நான்கு மணிக்கு முடியும். முதல் வாரம் சாப்பாட்டு நேரத்தில் ஓடிவந்து அவளை வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பினேன். மூன்று முறை தாமதமானதும் மேலாளர் எச்சரிக்கைக் கடிதம் நீட்டினார். அடுத்தது கடைசிக் கடிதம் என்று தமிழிலேயே சொன்னார். அவரும் நம்ம ஆள்தான்.

அதன்பிறகு மகள் பள்ளிக் காவலாளியின் அறையில் எனக்காகக் காத்திருந்தாள். அவர் பிஸ்கட்டெல்லாம் கொடுத்தார். ஆனால் ஒரு நாள் அவர் விடுப்பு, புதிதாக வந்தவருக்கு விஷயம் தெரியாது. பள்ளி வாசலை நேரத்துக்குப் பூட்டிவிட்டார். அன்றைக்குப் பார்த்து நல்ல மழை. சாலையெல்லாம் தண்ணீர், லோரிகள் நகரவில்லை. நான் வந்து சேரும்போது ஐந்து மணி தாண்டிவிட்டது. எதிரில் இருந்த பஸ் நிறுத்தத்தில் பையைக் கட்டிக்கொண்டு தனியாக நின்றாள். சப்பாத்துக்குள் தண்ணீர். பாவாடையும் நனைந்திருந்தது, மழையால் மட்டும் இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றேன்.

எவ்வளவு எண்ணினாய் என்று நானாகவே கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

“எண்ணலப்பா. நீங்க எப்ப வருவீங்கன்னு தெரியாதுல்ல. அங்கிள்னா வந்துருவாரு.”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் மகளின் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தாள், காய்ந்த பிறகும் துவட்டினாள். அப்புறம், வேன்காரரிடம் போய்க் கேளுங்கள் என்றாள். நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். என் வாயால் வரட்டும் என்று இவ்வளவு நேரம் காத்திருந்தாளோ என்னவோ.

திங்கட்கிழமை காலை ஆறேகாலுக்கு மகளைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். அவளிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. வேனைப் பார்த்ததும் அவள் நடை கொஞ்சம் குறைந்தது, பிறகு சரியாகிவிட்டது. அவர் கண்ணாடியை இறக்கினார். இடம் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். முகத்தில் வெற்றி ஒன்றும் தெரியவில்லை, தெரிந்திருந்தால் எனக்குச் சண்டை போட ஏதாவது கிடைத்திருக்கும்.

“பின்னால மறுபடியும் பேச்சு வரக் கூடாது தம்பி. நான் எப்படி இருக்கணும்னு நீங்களே வாயால சொல்லிடுங்க.”

சுற்றி அதே பெற்றோர்கள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. தனியாக என்னை அழைத்துப் பேசிய பெண்ணும் நின்றிருக்க வேண்டும், முகம் தெரியாது எனக்கு. மகளின் கை என் கைக்குள் இருந்தது.

“கண்டிப்பாவே இருங்கண்ணே,” என்றேன். “நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்.”

மகள் கையை விடுவித்துக்கொண்டு ஏறினாள். கதவோரத்து இருக்கையில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். அவர் கதவைச் சாத்தச் சொல்லும் முன், பையின் பக்கவாட்டிலிருந்து தண்ணீர்ப் புட்டியை உருவி என்னிடம் நீட்டினாள். காலையில் நானே நிரப்பிக் கொடுத்தது. நான் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினேன்.