அர்த்தத்தோடு பேசியவள்

நான் படித்தது நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில். அங்கே எதுவும் புரிய வேண்டும் என்ற கட்டாயமில்லை, ஒப்பித்தால் போதும். ஆங்கில மரபுத்தொடர்கள் மட்டும் நூற்றைம்பது. விடியற்காலையில் வரிசையாக உட்கார்ந்து, தொடரைச் சொன்ன மூச்சிலேயே அர்த்தத்தையும் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்றுவிட்டு, கனமழை என்பதை விட்டுவிட்டால் முட்டி போட வேண்டியதுதான். மெல்லிய பனிக்கட்டியின் மேல் சறுக்குவது என்ற தொடருக்கு, ஆபத்தை விலைக்கு வாங்குவது என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்காலுக்குள் வளர்ந்த நான் பனிக்கட்டியைப் பார்த்ததெல்லாம் கரும்புச்சாறு வண்டியில்தான்.

படிப்பு முடிந்ததும் ஒரு முட்டை ஏற்றுமதி அலுவலகத்தில் சேர்ந்தேன். மூன்று மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றார் முதலாளி. வேலை நிலைக்காவிட்டால் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவோம் என்றார்கள் வீட்டில். எனக்கு அந்த வேலை வேண்டும். அவ்வளவு ஆசையாக அதுவரை எதையும் கேட்டதில்லை.

வெளிநாட்டு வியாபாரிகளிடம் முதலாளிதான் பேசுவார். எந்தப் பேச்சையும் 'த பால் இஸ் இன் யுவர் கோர்ட்' என்று கம்பீரமாக முடித்துப் போனை வைப்பார். மூன்றாவது மாதம் அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. அன்றைக்குப் பார்த்து எங்கள் முட்டைக் கன்டெய்னர் துறைமுகத்தில் மாட்டிக்கொள்ள, வளைகுடா வியாபாரி கூப்பிட்டார். முதலாளி ஸ்பீக்கரைப் போட்டு என் பக்கம் தள்ளினார்.

'வீ ஆர் இன் த சேம் போட்' என்று ஆரம்பித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். முட்டி போட்ட பழக்கம் விடவில்லை. இருவருக்கும் ஒரே கஷ்டம் என்று அர்த்தம் என அதையும் ஆங்கிலத்தில் சொன்னேன். கப்பல் 'அட் தி இலெவன்த் அவர்' கிளம்பும் என்றேன், கடைசி நேரத்தில் என்று அர்த்தம் என்றேன். அவர் சரி என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

முதலாளி கட்டிய தொண்டையோடு கரகரவென்று கேட்டார்.

"ஏங்கண்ணு, அவரென்ன பரீட்சையா வெக்கறாரு? ஒவ்வொண்ணுக்கும் அர்த்தம் ஒப்பிச்சுக்கிட்டிருக்கறே."

அவமானமாக இருந்தது. அதைவிட அதிகமாக அந்தப் பள்ளி மேல் கோபம் வந்தது. வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

மூன்றாம் நாள் அதே வியாபாரி முதலாளியைக் கூப்பிட்டு, அர்த்தம் சொல்லும் அந்தப் பெண் இருக்கிறாளா என்று கேட்டார். அவரும் கடையில் நின்று ஆங்கிலம் கற்றவராம். இத்தனை வருடம் முதலாளி சொன்னதில் பாதி புரியாமலேயே சரி சரி என்று தலையாட்டினாராம். கேட்டால் மரியாதையாக இருக்காதே என்று பேசாமல் இருந்திருக்கிறார். இனி அந்தப் பெண்ணே பேசட்டும் என்றார்.

முதலாளி போனை வைத்தார். கொஞ்ச நேரம் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அந்த பால் இஸ் இன் யுவர் கோர்ட்டுக்கு என்ன அர்த்தங் கண்ணு?"

அடுத்து முடிவெடுக்க வேண்டியவர் நீங்கள்தான் என்று அர்த்தம் என்றேன். அப்படியா என்று தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, என் நியமனக் கடிதத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.