மௌனப் பலகை

எங்கள் பெரியப்பா மாதம் ஒரு கொலை செய்துகொண்டிருந்த காலத்தில் நான் ஐந்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். கொலையெல்லாம் காகிதத்தில்தான். பேருந்து நிலையக் கடைகளில் வாழைத்தாருக்குப் பக்கத்தில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டிருப்பார்களே, உள்ளங்கை அகலத்தில் மாத நாவல்கள், அதில் அவருடையதும் ஒன்று. அட்டையில் ஒரு பெண் துப்பாக்கியோடு நிற்பாள். உள்ளே அப்படி ஒரு பெண்ணும் இருக்க மாட்டாள், துப்பாக்கியும் இருக்காது. பெரியப்பாவின் ஆட்கள் பெரும்பாலும் விஷத்தில்தான் செத்தார்கள். ஆனால் அந்த அட்டைக்குப் பயந்து அம்மா புத்தகங்களை என் கண்ணில் படாமல் அரிசி டிரம்முக்குப் பின்னால் போட்டுவைப்பாள். அப்பாவுக்குத் தினத்தாளே அதிகம். ஆக, வீட்டோடு ஓர் எழுத்தாளர் இருந்தும், அவர் எழுதியதில் ஒரு வரியைக்கூட எங்கள் வீட்டில் ஒருவரும் படித்ததில்லை.

வீடு திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டி ஒரு சந்தில். கீழே நாங்கள். மாடியில் நான்கு அறைகள், வெளிநாட்டுக்காரர்களுக்கு வாடகைக்கு விடுவதற்கென்றே அப்பா கட்டியவை. அதில் கடைசி அறையில் பெரியப்பா இருந்தார். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. வேங்கிக்காலில் ஓர் அரசாங்க ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்தவர், எழுதுவதற்காக அந்த வேலையை விட்டார். பெண் கொடுக்க வந்தவர்களும் அதோடு நின்றுவிட்டார்கள் என்று அம்மா சொல்வாள். கார்த்திகை தீபம் முடிந்து சீசன் சூடுபிடித்தால் அவருடைய அறைக்கும் ஆள் வந்துவிடும். அப்போது பெரியப்பா தன் கட்டிலைத் தானே தூக்கிக்கொண்டு மொட்டைமாடி மோட்டார் ரூமுக்குப் போவார். யாரும் அவரைப் போகச் சொல்ல மாட்டார்கள். இரு என்றும் சொல்ல மாட்டார்கள்.

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. மாடிக்கு வருகிற சிலர் மௌன விரதம் இருப்பார்கள். கதவின் கைப்பிடியில் ஒரு சின்னப் பலகையை மாட்டிவிடுவார்கள், ‘மௌனம்’ என்று தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதியிருக்கும். பலகை தொங்கினால் கதவைத் தட்டக் கூடாது. படிக்கட்டில் ஓடக் கூடாது. சாப்பாட்டுத் தட்டை ஸ்டூல்மேல் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் திரும்பிவிட வேண்டும். ஒருமுறை பந்து எடுக்கப் போய் ஒரு கதவைத் தட்டிவிட்டு அப்பாவிடம் முதுகில் வாங்கியிருக்கிறேன். பள்ளிக்கூடத்துப் பாடமெல்லாம் மறந்தாலும் அந்தப் பாடம் எனக்கு மறக்கவில்லை.

சனிக்கிழமை மதியங்களில் பெரியப்பா என்னைக் கிரிவலப் பாதையில் நடக்கக் கூட்டிப்போவார். முழுச் சுற்றெல்லாம் இல்லை, அடி அண்ணாமலை வரைக்கும்தான். அங்கே ஒரு கடையில் டீ. திரும்பும்போது ஷேர் ஆட்டோ. பௌர்ணமியன்று கால் வைக்க இடமில்லாத அந்தப் பாதையில் மற்ற நாளில் நாங்களும் சில சாமியார்களும் குரங்குகளும் மட்டும்தான். நடக்கும்போது அந்த மாதத்துக் கதையைப் பாதிவரை சொல்லிவிட்டு நிற்பார்.

“சொல்லு பாப்பா, யாரு பண்ணியிருப்பான்?”

நான் சரியாகச் சொல்லிவிட்டால் அவர் தோற்றார். எனக்கு மிளகாய் பஜ்ஜி. அதோடு கொலைகாரனையும் மாற்றிவிடுவார். “நீயே கண்டுபுடிச்சிட்டன்னா ஊரே கண்டுபுடிச்சிடும்” என்பார். நான் எவனைச் சொன்னேனோ அவன் தப்பித்தான். சென்னையில் அச்சாகிற ஒரு புத்தகத்தில் யார் ஜெயிலுக்குப் போக வேண்டும் என்பதை நான் தீர்மானிக்கிறேன் என்ற மிதப்பில் வகுப்பில் ஒருத்தியையும் மதிக்காமல் திரிந்தேன்.

ஒரு சனிக்கிழமை அவர் சொன்ன கதை எங்கள் மாடியிலேயே நடந்தது.

“ஒரு ரூம்ல ஒருத்தன். கதவுல மௌனப் பலகை. ரொம்ப நாளா கதவு தொறக்கல. உள்ள செத்துக் கெடக்கறான். யாரு பண்ணது?”

“வூட்டு ஓனரு” என்றேன், யோசிக்காமலேயே. “அவருகிட்டதான் இன்னொரு சாவி இருக்கும்.”

பெரியப்பா அப்படியே நின்றுவிட்டார். அன்றைக்கு இரண்டு தட்டு பஜ்ஜி.

அடுத்த வாரம் மாற்றிய முடிவோடு வந்தார். யாரும் கொல்லவில்லையாம். அந்த ஆள் தானாகவே மாரடைப்பில் செத்துப்போனானாம். பக்கத்து அறைக்காரன், பால்காரர், துணி துவைக்கிற அம்மா, வீட்டு ஓனர் என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டு இன்ஸ்பெக்டர் கேட்கிறார், ஏன் தட்டவில்லை என்று. எல்லோரும் சொல்லிவைத்த மாதிரி, பலகை தொங்கியது ஐயா என்கிறார்கள். கேஸை எந்தப் பிரிவில் எழுதுவது என்று தெரியாமல் இன்ஸ்பெக்டர் பேனாவை மூடிவைக்கிறார்.

“அப்ப எப்டித்தான் கண்டுபுடிச்சாங்க?”

“ஓனருக்கு ஒரு சின்னப் பொண்ணு இருக்கா. அவ போய்த் தட்டறா.”

“பலகை தொங்கறப்பவா? அவங்கப்பா அடிக்க மாட்டாரா?”

“அடிப்பாரு. இருந்தாலும் தட்டறா.”

நான் கொஞ்ச தூரம் நடந்தேன். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. “கொலகாரன் யாருன்னே இல்லியே பெரிப்பா. நல்லால்ல.”

பெரியப்பா சிரித்தார். அன்று டீக்கடையில் ரொம்ப நேரம் மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பஜ்ஜி நானாகக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆனாலும் முடிவை மாற்றாமல் அப்படியேதான் அச்சுக்குக் கொடுத்தார். என் பேச்சைக் கேட்காமல் அவர் எழுதியது அந்த ஒன்றுதான். அதுதான் சினிமாவானது. கிரிவலம் வந்த ஒரு சினிமா டைரக்டர் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது வாங்கிப் படித்தாராம். அந்தப் பலகை சார், அந்தப் பலகை என்று போனில் உருகினாராம். அவருக்குப் பிடித்தது பலகை மட்டும்தான் என்று அப்போது யாருக்கும் தெரியாது. போன் வந்த நாளிலிருந்து வீட்டில் பெரியப்பாவின் நாற்காலிக்கு ஒரு மரியாதை வந்தது. அம்மா அவருக்கு மட்டும் காபியில் டிகாக்‌ஷன் ஜாஸ்தி விட்டாள். அப்பாகூட, படம் வந்ததும் குடும்பத்தோடு போய்ப் பார்க்க வேண்டும் என்றார். அதைக் கேட்டதும் பெரியப்பா எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார்.

படம் வந்ததும், எப்போது போவது என்று நாள் பார்த்ததில்தான் எங்கள் குடும்பத்தின் புத்திசாலித்தனம் வெளிப்பட்டது. நல்ல காரியம், பௌர்ணமியில் போகலாம் என்று அம்மா சொன்னாள். அப்பா தலையாட்டினார். பௌர்ணமியன்று எங்கள் ரோட்டில் வண்டி ஓடாது என்பது கைக்குழந்தைக்கும் தெரியும். பரவாயில்லை, நடந்து போய்விடலாம், டவுன் என்ன அமெரிக்காவிலா இருக்கிறது என்றார் அப்பா. பெரியப்பா சாப்பிடாமல்கூட முன்னாலேயே கிளம்பிவிட்டார். “நான் போய் சீட்டு புடிச்சி வெக்கறேன். என் பேரு மொதல்லயே போடுவாங்க. லேட் பண்ணிடாதீங்க” என்று வாசலில் நின்று சொன்னார்.

நாங்கள் ரோட்டுக்கு வந்தபோது ஊர் உலகமே கோயிலில் கிளம்பி எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தது. அவர்கள் எல்லோரும் மலையைச் சுற்றப் போகிறார்கள். நாங்கள் சினிமா பார்க்க எதிர்ப்பக்கம் போகிறோம். “ஏம்மா, கிரிவலம் இப்டிப் போவணும், அப்டி இல்ல” என்று வழியெல்லாம் ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். ஒரு பாட்டி என் தோளைப் பிடித்துத் திருப்பியே விட்டாள். அந்த நெரிசலில் அம்மாவின் ஒரு செருப்பு போனது. அதைத் தேடிக் கொஞ்ச நேரம் நின்றோம். மற்றொன்றைக் கையில் வைத்துக்கொள்வதா விட்டுவிடுவதா என்று பேசிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றோம்.

தியேட்டரில் டார்ச் அடித்து எங்களை உள்ளே விட்டபோது திரையில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பௌர்ணமியானதால் கூட்டமே இல்லை. அந்தக் காலி அரங்கில் எங்களுக்காக ஒரு நாற்காலியில் துண்டு, ஒன்றில் கைக்குட்டை, ஒன்றில் குடை என்று போட்டு, ஓரத்தில் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். அந்த இடத்தைப் பிடிக்க ஒருவரும் வந்திருக்க மாட்டார்கள்.

“பேரு பாத்தீங்களா?” என்று குனிந்து கேட்டார்.

“இல்லீங்க மாமா, செருப்பு போய்டுச்சி” என்றாள் அம்மா.

“இன்டர்வெல் உட்டதும் மறுபடியும் போடுவாங்களா?” என்று கேட்டார் அப்பா.

பெரியப்பா துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டார். மடித்ததையே பிரித்து மறுபடியும் மடித்தார்.

படம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஓனருக்கு மகள் இல்லை, டான்ஸ் ஆடுகிற ஒரு தங்கை இருந்தாள். இன்ஸ்பெக்டர் பேனாவை மூடவில்லை, மொட்டைமாடிக்கு மொட்டைமாடி தாவினார். கடைசியில் ஓனரின் சட்டைப் பையிலிருந்து இன்னொரு சாவி விழுந்தது. கொலைகாரன் ஓனர்! நான் நாற்காலிமேல் ஏறி நின்று, “நான் சொன்னன்ல! நான் சொன்னன்ல பெரிப்பா!” என்று கத்தினேன். முன் வரிசையில் இருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். பெரியப்பா திரும்பவில்லை. அவர் யாரோ வரவேண்டியவர்களுக்குக் காத்திருக்கிறவர் போலத் திரையின் ஓரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பும்போது கூட்டத்தோடு கூட்டமாகவே நடந்தோம். வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா ஆரம்பித்தார்.

“ஏன்ணா, வூட்டு ஓனர்னா கொலகாரனா? மாடி, பலகை, சாவின்னு அப்டியே நம்ம வூட்ட எழுதி வெச்சிருக்க. நாளைக்கி எவன் வந்து தங்குவான்?”

“நான் அப்டி எழுதலடா.”

“பின்ன உன் கதைய வேற எவன் எழுதுவான்?”

அரிசி டிரம்மின் பின்னால் கையை விட்டால் விஷயம் முடிந்தது. யாருக்கும் அது தோன்றவில்லை. பெரியப்பாவும் எடுத்துப் படியுங்கள் என்று சொல்லவில்லை. என்னைத்தான் பார்த்தார். “பாப்பாவுக்குத் தெரியும். அவளக் கேளு” என்றார்.

அந்த வயதில் அத்தனை பெரியவர்கள் என் வாயைப் பார்த்தது அதுதான் முதல்முறை. “ஆமாம்பா. யாருமே கொலை பண்ணலன்னுதான் பெரிப்பா எழுதனாரு. யாரோ ஒரு பொண்ணு வந்து கதவத் தட்டும். ஆனா அது நல்லால்ல. சினிமால வந்ததுதான் நல்லாருக்கு” என்றேன்.

அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மாவும் சிரித்தாள். சண்டை அதோடு தீர்ந்தது என்று எனக்குப் பெருமை. பெரியப்பாவும் சிரித்தார். படியேறப் போனவர் ஒரு நிமிஷம் நின்று என்னிடம், “நெஜமாவே இதான் நல்லாருக்கா?” என்று கேட்டார். “இதான் பெரிப்பா” என்று அடித்துச் சொன்னேன்.

அந்த வருஷம் கார்த்திகை தீபம் வருவதற்குள் பெரியப்பா சென்னைக்குப் போய்விட்டார். ஏதோ மாடியறையில் தங்கிக்கொண்டு சீரியல்களுக்குக் கொலைகள் எழுதினார். இன்னும் எழுதுகிறார். கொலைகாரன் இல்லாத கதை ஒன்றுகூடப் பிறகு அவர் எழுதவில்லை. தீபாவளிக்குப் போன் செய்தால் நல்லாருக்கேன் பாப்பா என்பார். அடுத்து இரண்டு பேருக்கும் என்ன பேசுவது என்று தெரியாது. அவர் போன பிறகு சனிக்கிழமை மதியங்களில் நான் தனியாக வாசல்வரை போய்விட்டுத் திரும்பிவிடுவேன். அந்த வெறுமை இன்றைக்கும் சில சனிக்கிழமைகளில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அவர் போவதற்கு முன்னால் நடந்த ஒன்றுதான் நான் சொல்ல வந்தது. படம் பார்த்துவிட்டு வந்த அடுத்த வாரம், பெரியப்பாவின் கதவில் மௌனப் பலகை தொங்கியது. யாரோ ஒரு வெள்ளைக்காரம்மா விட்டுப்போன பழைய பலகை. அப்பா பார்த்துவிட்டு, “பெரிய சாமியாரு” என்றார். அம்மா சாப்பாட்டுத் தட்டை ஸ்டூல்மேல் வைக்கத் தொடங்கினாள். அடுத்த கதையை யோசிக்கிறார், தொந்தரவு பண்ணாதே என்றும் எனக்குச் சொல்லிவைத்தாள்.

சனிக்கிழமை வந்தது. நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மாடியேறினேன். தட்டில் காலை இட்லி அப்படியே இருந்தது. பலகை நேராகத் தொங்கியது. மழைக்கு ஊதிப்போகிறது என்று மாடிக் கதவுகளின் அடியை அப்பா ஆசாரியை வைத்து இழைத்துவிட்டிருந்தார். அதனால் கீழே விரல் நுழைகிற இடைவெளி இருக்கும். அதில் வெளிச்சம் தெரிந்தது. வெளிச்சத்துக்கு நடுவே இரண்டு நிழல்கள் தெரிந்தன. பெரியப்பாவின் பாதங்கள். மேஜைப் பக்கமும் இல்லை, கட்டில் பக்கமும் இல்லை. கதவை ஒட்டி, என்னைப் பார்த்தபடி.

நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவரும் அசையவில்லை. கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் கதவு இருந்தது. நான்தான் சட்டம் தெரிந்த பிள்ளையாயிற்றே, ஒரு சத்தமும் வராமல் பின்பக்கமாகவே நடந்து, ஒவ்வொரு படியாக இறங்கி வந்துவிட்டேன். பெரியப்பா நின்றுகொண்டே யோசிக்கிறார், இந்த முறை நான் கண்டுபிடிக்கவே முடியாத கொலைகாரனாகத் தேடுகிறார் என்று நினைத்து, பஜ்ஜி போய்விடுமே என்று மட்டும் கொஞ்சம் கவலைப்பட்டேன்.