விஷம் கொடுக்காத ஆறு எலிகள்

முத்துமாலைக்கு ஐம்பத்தாறு வயது. பேட்டையில் வீடு. ஒரு மருந்தியல் கல்லூரியின் எலிக்கூடத்தில் பத்தொன்பது வருடமாகக் கூண்டு கழுவி, உமி மாற்றி, தண்ணீர்ப் புட்டி நிரப்புகிறார்.

அவர் வீட்டுக்குப் பின்னால் ஒரு முலாம் பட்டறை. காட்மியம் கலந்த கழிவைப் பட்டறைக்காரன் மண்ணில் விடுகிறான் என்று நான் துண்டறிக்கை அடித்தேன். முத்துமாலை கட்டாக வாங்கிக்கொண்டார்.

"நல்ல கனமான பேப்பர் வே. எலிக்கு அடியில விரிக்கேன்" என்றார், முகத்துக்கு நேராக. பட்டறையை மூடச் சொல்லும் மனுவில் கையெழுத்துப் போடவில்லை.

போன ஆண்டு பிருந்தா என்ற ஆராய்ச்சி மாணவி பன்னிரண்டு எலிகளை எடுத்தாள். ஆறுக்குக் காட்மியம் கலந்த தண்ணீர். அதை அவளே கலந்து கொடுத்தாள். ஒப்பிட்டுப் பார்க்க மீதி ஆறுக்கு வெறும் தண்ணீர். அது முத்துமாலை பொறுப்பு. இரண்டு மாதம் கழித்துப் பன்னிரண்டையும் அறுத்து, சிறுநீரகத்தைச் சீவி நுண்ணோக்கியில் வைத்தாள். உடனே அவரைக் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, கூண்டு எதையும் மாத்தி வச்சிட்டீயளா?"

"இல்ல தாயி."

"இங்கன பாருங்க. விஷம் இந்தக் குழாய்லதான் வந்து தங்கும். குழாய் அரிச்சுப் போனா வெள்ளையணு கூட்டமா வந்து எறங்கும், வீங்கிரும். இந்த நீலப் புள்ளி பூராவும் அதுதான்."

"விஷம் குடிச்ச எலியா?"

"விஷம் குடுக்காத எலி. ஆறும் இப்படித்தான் இருக்கு. என்ன தண்ணி ஊத்துனீய?"

"கேன்காரன் ஒழுங்கா வரல. எங்க வீட்டு போர் தண்ணிய சைக்கிள்ல கொண்டாந்தேன். நாங்க குடிக்குத தண்ணிதானே."

"எத்தன வருசமா குடிக்கீய?"

"பதினொண்ணு."

சொல்லிவிட்டு அவரே நுண்ணோக்கியில் குனிந்து பார்த்தார். அவர் மனைவி பாக்கியவதிக்கு எட்டு மாதமாகக் கால் வீக்கம். பீடி சுற்ற உட்கார்ந்தே இருப்பதால் என்று இவர்தான் காரணம் சொல்லியிருந்தார்.

சாயங்காலம் என்னிடம் வந்தார். மனுவில் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பித் தரவில்லை, கையிலேயே வைத்திருந்தார்.

"இத அப்புறம் பாப்போம் வே. பாக்கியத்த எங்க கூட்டிட்டுப் போகணும், அதச் சொல்லும்."

மறுநாள் நானும் கூடப் போக, வண்ணார்பேட்டை ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்தார்கள். பாக்கியவதிக்கு இரண்டு சிறுநீரகமும் பாதிக்கு மேல் போய்விட்டன என்றார் டாக்டர். மேடையில் மூன்று மணி நேரம் பேசியவன் நான், பஸ் நேரம் விசாரிக்கப் போனேன்.

பஸ் நிறுத்தத்தில் பாக்கியவதி கேட்டார்: "ஏங்க, நம்ம தண்ணி குடிச்ச அந்த எலியெல்லாம் இப்ப தேறிட்டுதா?"

முத்துமாலை பஸ் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.