காது கேட்கிற குட்டி

சலவைக் கடையில் இஸ்திரி போடும் அந்த அம்மாவுக்கு அக்கம்பக்கத்தார் வைத்த பெயர் மைக்செட். இஸ்திரிப் பெட்டியை இழுத்துக்கொண்டே அவள் பேசினால் எதிர்ச்சாரிக் கடைக்காரர்களுக்கும் சேர்த்துக் கேட்கும். பிறவியிலேயே வந்த தொண்டை இல்லை அது. தகரப் பட்டறையில் ஆயுசு பூராவும் சுத்தியல் சத்தத்துக்கு நடுவில் நின்ற மனிதருக்கு வாழ்க்கைப்பட்டதால் வந்தது.

அவருக்குக் காது போய்விட்டது. அதை ஒத்துக்கொள்ள மட்டும் மாட்டார். பட்டறையில் யார் பேசுவதும் யாருக்கும் கேட்காது. உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் பழக்கம் அவருக்கு நல்ல வசதியாகப் போயிற்று. எதிரே நின்று பேசினால் டாண் டாணென்று பதில் வரும். முதுகுக்குப் பின்னால் இடியே விழுந்தாலும் பேப்பர் படிப்பார். டாக்டரிடம் போகலாம் என்றால், "எனக்கென்ன கேடு? நீ கத்தாம பேசு, போதும்" என்று பழியை அவள் தலையிலேயே போடுவார். எரிச்சல் வருமா வராதா?

போன வாரம் அவள் வேலை முடிந்து வந்தபோது குக்கர் ஓயாமல் விசிலடிப்பது வாசல்வரை கேட்டது. உள்ளே தாழ்ப்பாள். கதவைத் தட்டித் தட்டிக் கை வீங்கியதுதான் மிச்சம். கடைசியில் ஜன்னல் வழியாகச் செருப்பை எறிந்துதான் புருஷனைத் திரும்ப வைத்தாள். இனி ஒன்று வேலையை விட வேண்டும், இல்லை வீட்டில் கேட்கிற காது ஒன்று வேண்டும். கடை முதலாளியம்மாதான் பொமரேனியன் குட்டி வாங்கச் சொன்னாள். இரண்டு அறை வீட்டுக்கு அது போதும். சத்தம் கேட்டால் குரைக்கும், ஆளை வந்து இழுக்கும்.

நாய்க்காரம்மா வீட்டுக் கூடத்தில், அட்டைப்பெட்டிக்குள் தாயோடு நான்கு குட்டிகள். கூட வந்த புருஷன் உட்கார்ந்து குட்டிகளை மடியில் விட்டுக்கொண்டார். மைக்செட் அவருக்குப் பின்னால் போய் நின்று சாவிக்கொத்தைத் தரையில் போட்டாள். எல்லாம் திடுக்கிட்டுத் திரும்பின. கருமூக்கு ஒன்று குரைத்தே விட்டது. வெள்ளைக் குட்டி மட்டும் அவர் சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டிருந்தது.

"இதுதான்" என்று அவர் அந்த வெள்ளையைத் தூக்கிக்கொண்டார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வேற குட்டியே கிடைக்கலையா உங்களுக்கு?" என்றபடி முன்னால் வந்தாள்.

நாய்க்காரம்மா நெளிந்தாள். "மறைச்சு விக்கிற ஆள் நான் இல்லைங்க. அதுக்குப் பிறந்ததுலேர்ந்தே காது கேக்காது."

"பாத்தீங்களா? வீட்ல ஒரு காது வேணும்னுதானே நான் இப்படி நாயா அலையறேன்!"

"தெரியும்" என்றார் அவர்.

"என்ன தெரியும்?"

"நீ பின்னால என்னமோ போட்டிருக்கே. மத்ததெல்லாம் சட்டுனு அந்தப் பக்கம் திரும்பிச்சு. இதுவும் நானும்தான் திரும்பல."

இத்தனை வருஷம் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியும் அவர் வாயிலிருந்து வராத வார்த்தை. அது வரும் நாளில் நறுக்கென்று நாலு கேள்வி கேட்க வேண்டும் என்று வைத்திருந்தாள். இப்போது கோபம் மட்டும்தான் வந்தது; யார் மேல் என்றுகூடத் தெரியவில்லை.

"அதுக்காக அதையே எடுப்பீங்களா? குக்கர் வெடிச்சா ரெண்டு பேரும் ஜோடியா உக்காந்து வேடிக்கை பாப்பீங்களா?"

அவர் வெள்ளைக் குட்டியைக் கொஞ்ச நேரம் தடவிக்கொடுத்தார். பிறகு அதைப் பெட்டிக்குள், தாயின் பக்கத்தில் இறக்கிவிட்டார்.

"நீ சொல்றதுதான் சரி. அந்தக் கருமூக்கையே எடுத்துக்கோ. கேக்காததை வச்சுக்கிட்டு நீ படற பாடு போதும்."

கருமூக்குக் குட்டியை வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கினார்கள். அவள் நினைத்து வந்த குட்டிதான் அது. மோட்டார் சத்தத்துக்கெல்லாம் அவள் கையில் இருந்தபடியே குரைத்துத் தள்ளியது. அவளுக்கோ, தன் புருஷனை அந்த அட்டைப்பெட்டியில் விட்டுவிட்டு வருவது போலவே இருந்தது.