எஞ்சின் சைக்கிளுக்கு வாய்ப்பூட்டு

எங்கள் தொழிலில் வண்டியை வாங்குகிறவர் ஒருவர், அதன் சத்தத்தைக் கேட்கிறவர்கள் ஓர் ஊர். கடைக்கு வந்து குறை சொல்கிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை.

மா அரைக்கும் மில் வைத்திருப்பவர்கள், தகரம் வெட்டுபவர்கள், கோயிலுக்கு ஒலிபெருக்கி கட்டுபவர்கள் எல்லாரும் என் கட்சிதான். நான் என்ன சொல்லப் போகிறேன் என்பது உங்களுக்கு இப்போதே விளங்கியிருக்கும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். பெற்றோலுக்கு நாங்கள் வரிசையில் நின்று காய்ந்த வருசம், உரும்பிராயில் தண்ணீர்ப் பம்பு திருத்திக்கொண்டிருந்த நான் சைக்கிளுக்கு எஞ்சின் பூட்டத் தொடங்கினேன். தேங்காய் அளவில் ஒரு ரூ ஸ்ரோக் எஞ்சின், சட்டத்துக்கு நடுவே. பெற்றோலோடு ஒயிலைக் கலந்து ஊற்றிவிட்டு நாலு மிதி மிதித்துக் கிளச்சை விட்டால் பிடித்துக்கொண்டு ஓடும். குடிப்பதோ துளி. ஆனால் போடும் சத்தம் இருக்கிறதே, தகரப் பேணிக்குள் சரளைக் கல்லைப் போட்டுக் குலுக்கியதுபோல. வரிசைகள் முடிந்தும் ஆட்கள் வண்டியை விடவில்லை. சத்தமும் எங்களை விடவில்லை.

ரீச்சர் தந்த தவணை

என் கடைக்கு அடுத்த வீடு மங்கை ரீச்சருடையது. இளைப்பாறிய சங்கீத ஆசிரியை. பின்னேரம் நாலிலிருந்து ஆறு மணி வரை வீட்டு விறாந்தையில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பு. எனக்கும் வேலை சூடுபிடிப்பது அந்த நேரத்தில்தான். தோட்ட வேலை முடித்து வருகிறவர்கள் அப்போதுதான் வண்டியைக் கொண்டுவருவார்கள், திருத்தினால் எஞ்சினை முறுக்கிப் பார்க்கத்தானே வேண்டும். மூன்று வருசமாக அவர்கள் அந்தப் பக்கம் பாடினார்கள், நான் இந்தப் பக்கம் முறுக்கினேன்.

போன சித்திரையில் ஒரு நாள் ரீச்சர் பிடித்த குடையை மடக்காமலே கடைக்குள் வந்தார். இந்தக் கடையும் காணியும் ரீச்சரின் தம்பிக்குச் சொந்தம் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். தம்பியார் கனடாவில். அக்கா சொல்லைத் தட்டாதவர். மெயின் ரோட்டுக் கரையில் இப்படி ஓர் இடம் எனக்கு வேறெங்கும் கிடையாது. இதை விட்டால் நான் திரும்பவும் வீட்டு வளவு வளவாகப் போய்ப் பம்புதான் திருத்த வேண்டும். அதனால் ரீச்சர் குடையோடு நின்றதைக் கண்டதுமே ஓடிக்கொண்டிருந்த எஞ்சினை நிறுத்தினேன். அவர் குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் தாளம் பிழைத்த பிள்ளைக்குச் சொல்வதுபோல ஆறுதலாகச் சொன்னார்.

“ஆடி மாசம் கோயில் திருவிழாவுக்குத் தம்பி வாறான். அவன் வந்து விறாந்தையில இருக்கேக்குள்ள ஒண்டில் உம்மடை எஞ்சின் வாயை மூடியிருக்கோணும், இல்லாட்டில் நீர் கடையை மூடியிருக்கோணும்.”

பொச்சு வைத்தியம்

மூன்று மாதம் இருந்தது. முதல் வேலையாக, காலி பால்மாப் பேணியை எடுத்து, சட்டி மினுக்கும் கம்பிச் சுருளை அதற்குள் அடைத்து, சைலன்சருக்குப் பின்னால் இன்னொரு சைலன்சராகப் பூட்டினேன். எஞ்சின் சட்டத்தோடு முட்டும் இடமெல்லாம் பழைய ரயர் வெட்டி வைத்தேன். சத்தம் பாதியாய்க் குறைந்தது. பெருமையில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம், “உள்ளுக்குள்ளை அடைச்சிட்டன், அவ்வளவுதான்” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எதை அடைத்தேன் என்று மட்டும் சொல்லவில்லை. தொழில் ரகசியமாம்.

அதைக் கேட்டுக்கொண்டு போனவர்களில் ஒருவர் சின்னத்துரை அண்ணை, புகையிலைத் தோட்டக்காரர். புகையிலையைக் குடிலுக்குள் கட்டித் தேங்காய்ப் பொச்சால் மூட்டம் போட்டுப் பதப்படுத்துகிற ஆள். அவர் வளவில் பொச்சு மலைபோல் கிடக்கிறது. அடைப்பது என்றால் வேறு எதை அடைப்பார்? தேங்காய்ப் பொச்சைத் தும்பு தும்பாய்க் கிழித்துத் தன் சைலன்சருக்குள் இறுக்கி அடைத்துவிட்டு, ஊரெழுவில் ஒரு கலியாண வீட்டுக்கு வேட்டி சால்வையோடு புறப்பட்டிருக்கிறார். ஒரு மைல் போவதற்குள் பொச்சு உள்ளே கனன்று புகையத் தொடங்கியது. எஞ்சினுக்கு மூச்சு முட்டியது, வண்டி நடையாய் நடந்தது. கலியாண வீட்டில் மாப்பிள்ளையை விட அண்ணையைச் சுற்றித்தான் ஆட்கள் நின்றார்களாம். அடுத்த நாள் வண்டியை உருட்டிக்கொண்டு வந்தார். சால்வையில் புகை மணம் இன்னும் போகவில்லை.

“சத்தம் குறைஞ்சது உண்மைதான் தம்பி. ஆனால் பந்தியில எனக்குப் பக்கத்தில இருந்த ஆள் என்னை மணந்து பாத்திட்டு, ‘இந்தமுறை புகையிலை நல்லாப் பழுத்திருக்குது போல’ எண்டுறான்.”

மீன்காரரைக் கேட்கவில்லை

மரியதாஸ் அண்ணை கொழும்புத்துறையிலிருந்து விடியவே மீன் பெட்டியைக் கட்டிக்கொண்டு எங்கள் பக்கம் வருகிறவர். என் கைக்கு வந்த வண்டிகளில் சத்தத்தில் அவருடையதுதான் ராட்சதன். ரீச்சர் தன் வாயால் அதைச் சுட்டிக்காட்டியிருந்ததால், அதில் என் வித்தை முழுவதையும் காட்டினேன். ஒன்றுக்கு இரண்டு பேணி. ரயர் துண்டு இருந்த இடத்தில் இரண்டு மடங்கு ரயர் துண்டு. வண்டி பூனைபோல் புறப்பட்டது. அண்ணை என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார்.

ஒரு கிழமை கழித்து, பத்து மணி வெயிலில், பாதிப் பெட்டி மீனோடு கடை வாசலில் வந்து நின்றார். அவர் இவ்வளவு நாளும் கூவி மீன் விற்றவரே இல்லை. வீடுகள் இருக்கும் ஒழுங்கையின் முகப்பில் அந்த எஞ்சின் உறுமியதும் பெண்கள் சட்டியோடு வாசல் படலைக்கு வந்துவிடுவார்கள். இப்போது அவர் வருவதும் தெரியவில்லை, போவதும் தெரியவில்லை. “ஒரு ஹோர்ன் பூட்டிவிடட்டோ அண்ணை?” என்று கேட்டேன். அதையும் பார்த்துவிட்டாராம். ஹோர்ன் அடித்தால் பாணும் பணிசும் விற்கும் பாண்காரன் என்று நினைத்துப் பிள்ளைகள் ஓடிவருகிறார்கள், மீனைக் கண்டதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு போகிறார்கள். கடைசியில் ஒரு பேணியைக் கழற்றி, கம்பி இழுத்தால் திறக்கும் மூடி ஒன்று வைத்துக் கொடுத்தேன். ஒழுங்கைக்குள் திறக்கலாம், ரீச்சர் வீட்டடியில் மூட வேண்டும். அதைத் திறந்தும் மூடியும் பார்த்துவிட்டு அண்ணை பெருமூச்சு விட்டார்.

“இந்தக் கிழமை முழுக்க நான் வாறது தெரிஞ்சு வாசலுக்கு வந்தது பூனையள் மட்டுந்தான். நன்றியுள்ள சாதி, ஆனால் ஒண்டும் வாங்காதுகள்.”

பின்னால் நின்றவர்

பாலா அண்ணை பெரிய கந்தோர் ஒன்றில் காவலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். மூன்று மணிக்கு வெளிக்கிட்டுத் தவறணைக்குப் போய் ஒரு போத்தல் கள்ளோடு நாலரைக்கு வீடு திரும்புவார். மீன்காரர் வண்டியின் கதை கேள்விப்பட்டு வந்து, தனக்கும் “அதே மருந்து” வேண்டும் என்றார். இரண்டு பேணியும் கேட்டார், மூடி வேண்டாம் என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தால் கேட்கத் தேவையும் இல்லை. ரீச்சரின் வகுப்பு நேரத்தில் என் கடையடியால் போகிற வண்டி, எனக்கும் அது அமைதியாகப் போவது நல்லதுதானே.

மூன்றாம் நாள் அவருடைய மனைவி ராணியக்கா வந்தார். கள்ளுக் கதைதான் வெளியே வந்துவிட்டது என்று நினைத்து, நான் எஞ்சின் ஒன்றுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். அக்கா என்னை விடவில்லை. கள்ளைப் பற்றி அவருக்கு ஒரு மனக்குறையும் கிடையாது, அது முப்பது வருசமாகத் தெரிந்த சங்கதி. அவருடைய பிரச்சினை வேறு. சந்தியில் எஞ்சின் சத்தம் கேட்டால் ரெலிபோனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போக அவருக்கு இரண்டு நிமிசம் கிடைக்குமாம். அந்த இரண்டு நிமிசத்தை நான் பறித்துவிட்டேன்.

“நேற்று என்ரை தங்கச்சியோடை அவரைப் பற்றித்தான் கதைச்சுக்கொண்டிருந்தனான். மனுசன் எப்ப வந்ததெண்டே தெரியாது, பின்னால நிண்டுகொண்டு, ‘நிப்பாட்டாதை, மிச்சத்தையும் சொல்லு’ எண்டுது.”

ஐயரின் கிலுகிலுப்பு

பிள்ளையார் கோயில் ஐயரின் வண்டியில் எஞ்சின் சத்தம் அடங்கியது, ஆனால் வேறொரு கிலுகிலு சத்தம் எழுந்தது. மட்காட்டை இறுக்கினேன். செயின் கவருக்கு ரப்பர் வைத்தேன். கூடையிலிருந்த பித்தளைச் செம்பைத் துணியால் சுற்றினேன். எஞ்சினை நிறுத்திவிட்டு, வண்டியை உருட்டிக்கொண்டு நடக்குமாறு ஐயரிடம் சொன்னேன். கிலுகிலு. வண்டியை நான் உருட்டினேன், சத்தமே இல்லை. திரும்ப ஐயர் உருட்டினார், கிலுகிலு. இப்படி அரை நாள் போனது. கடைசியில் பார்த்தால், சத்தம் வண்டியில் இல்லை, ஐயரின் இடுப்பில் தொங்கிய, கோயில் கதவுகளைப் பூட்டித் திறக்கும் திறப்புக் கோர்வையில் இருந்தது. அதற்கும் ஒரு ரப்பர் துண்டு வெட்டலாம் என்று கத்தியை எடுத்தேன். ஐயர் கோர்வையைக் கையால் பொத்திக்கொண்டார்.

“அதை விடும் தம்பி. இந்தச் சத்தம் கேட்டுத்தான் வசந்த மண்டபத்தில படுத்திருக்கிறவை எழும்பிப் போகினம்.”

தம்பியார் வந்த நாள்

ஆடி வந்தது, திருவிழாவும் வந்தது, தம்பியாரும் வந்து இறங்கினார். அன்று கடைக்குள் ஓர் எஞ்சினையும் முறுக்கவில்லை. முறுக்கிப் பார்க்க வேண்டியவற்றைப் பின்பக்க வெங்காயத் தோட்டத்துக்குள் உருட்டிக்கொண்டு போய் முறுக்கினேன். மூன்றே முக்காலுக்குத் தம்பியார் விறாந்தைக் கதிரையில் வந்து அமர்வது தெரிந்தது. ரோட்டால் என் வாடிக்கையாளர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். மரியதாஸ் அண்ணைகூட அன்று பின்னேரம் ஏதோ வேலையாக வந்து, மூடியை மூடிக்கொண்டு பவ்வியமாகக் கடந்தார். பிளக் ஒன்றைக் கழற்றுவதும் பூட்டுவதுமாகக் கால் மணி நேரம் போக்கினேன். இந்த இடம் போனால் என்ன செய்வது என்ற ஒரே எண்ணம்தான்.

நாலு மணிக்கு வகுப்புத் தொடங்கியது. முதலாவது ஸ்வரத்திலேயே எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மூன்று வருசமாகப் பக்கத்தில் இருந்தும் அந்தப் பிள்ளைகளை நான் சரியாகக் கேட்டதே இல்லை. பன்னிரண்டு பிள்ளைகளும் தொண்டை நரம்பு புடைக்க, அக்கரையில் நிற்கிறவனைக் கூப்பிடுவதுபோல் பாடினார்கள். மாமரத்திலிருந்த காகங்கள் எழும்பிப் போயின. சுருதிப் பெட்டி என்று ஒன்று அங்கே இருந்ததா என்பதே தெரியவில்லை. பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வாசலில் நின்ற தாய்மார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஐந்து மணிபோல் தம்பியார் என் கடைக்கு வந்தார். நான் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றேன். அவர் கடையைச் சுற்றிப் பார்த்தார், பிறகு தன் காதைத் தடவிக்கொண்டார்.

“அக்கா இஞ்சை பெரிய சத்தமெண்டு எழுதினவ, ஓம், சத்தம்தான். ஆனால் உம்மடை பக்கத்தால எனக்கு ஒண்டும் கேக்கேல்லையே. நீர் இரும்.”

திரும்பவும் குடை

நீர் இரும் என்ற அந்த இரண்டு சொல்லைக் கேட்டு அன்றைக்கு நான் பட்ட சந்தோசத்தைச் சொல்லி முடியாது. வீட்டுக்குப் போகும் வழியில் கோயிலில் தேங்காய் உடைத்தேன். அடுத்த நாள் மூன்றரை மணிக்கு, தம்பியார் தேர் பார்க்கப் போயிருந்த நேரம், ரீச்சர் வந்தார். இந்த முறை வாசலிலேயே குடையை மடக்கிவிட்டார். வாங்கோ என்றேன், கதிரையைத் துடைத்துப் போட்டேன். அவர் இருக்கவில்லை. என் பேணி ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடையை மூடச் சொல்லி வந்த மனுசி இப்படி நிற்பதைக் காண எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது. வெற்றி பெற்றவன்போல் சிரிக்க வந்த சிரிப்பை விழுங்கிக்கொண்டேன். பிழையில் பாதி என்னுடையதும்தானே.

“மூண்டு வருசம் உம்மடை எஞ்சினுக்கு மேலால பாடிப் பழகினதுகள் தம்பி, இப்ப குரலை இறக்கத் தெரியேல்லை. நான் கொஞ்சம் கொஞ்சமா இறக்கிப்போடுவன், அதுமட்டும் நாலு மணிக்கு நல்ல சத்தமா ஒண்டை ஸ்ராட் பண்ணிவிடும், வாசல்ல நிக்கிற தாய்மாருக்கு இது கேக்கக்கூடாது.”

ஆகவே என் கட்சிக்காரர்களே, ஊரில் இருந்த எஞ்சின் முழுவதற்கும் வாய்ப்பூட்டுப் போட்டு முடித்தவன், அடைக்காமல் தப்பிய எஞ்சின் ஒன்று யாரிடமாவது இருக்கிறதா என்று இப்போது படலை படலையாகக் கேட்டுத் திரிகிறேன்.